இணைமரத் தோப்பு

வவுனியா
14.01.2024

அன்புள்ள வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் நல்ல சுகம். உங்கள் இருமல் எப்படி இருக்கிறது?

கடிதத்தைக் கண்டு பயந்துவிடாதீர்கள், யாருக்கும் ஒன்றும் இல்லை. போனில் உங்களோடு கதைத்து எனக்கு அலுத்துப்போய்விட்டது. குளக்கட்டில் ஏறி நின்றால்தான் உங்களுக்குச் சிக்னல். அப்படி ஏறி நின்றும் என்ன சொல்கிறீர்கள்? "ஓம். சுகம். சரி, வைக்கிறன்." இதற்கா குளக்கட்டு ஏறுகிறீர்கள்? சவூதியில் இருந்த காலத்தில் உம்மாவுக்குப் பக்கம் பக்கமாக எழுதினீர்களாம். எனக்கும் கொஞ்சம் எழுதுங்கள். உங்கள் மகன் நுஸ்கி நானா கட்டாரிலிருந்து வொயிஸ் அனுப்புகிறார், அது போதாதா என்று கேட்காதீர்கள். போதாது.

சங்கதி என்னவென்றால், என்னைப் பயிற்சிக்கு எடுத்துவிட்டார்கள். எங்கள் வணிக முகாமைத்துவ வகுப்பில் மற்றவர்கள் வங்கிக்கும் லீசிங் கம்பனிக்கும் போக, நான் ஒரு நிதியத்துக்குப் போகிறேன். கொழும்பில் தலைமைக் கந்தோர், இங்கே சின்னக் கிளை. இவர்களுடைய தொழிலுக்குப் பெயர் பொறுப்பான முதலீடு. காசுள்ளவர் ஒருவர் வந்து, "எனக்கு லாபம் வேணும், ஆனால் அதுக்காக ஒரு குளம் நாறக்கூடாது, ஒரு மனுசன் அழக்கூடாது" என்று சொன்னால், அப்படியான இடத்தைத் தேடிக் காசைப் போட்டுக் கொடுப்பது. வட்டிக் காசு வீட்டுக்குள் வரக்கூடாது என்று நீங்கள் உம்மாவோடு சண்டை பிடிப்பீர்களே, அதையே கொஞ்சம் பெரிய எழுத்தில் படிக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே அவர்கள் செய்யப்போவது காட்டைக் காப்பாற்றுவது. வெளிநாட்டுக் கம்பனிகள் தாங்கள் விடுகிற புகைக்கு ஈடாக, நிற்கிற மரத்தை நிற்கவிடுவதற்குக் காசு தருவார்கள். எந்தக் காடு என்று பார்த்து எழுதுவது என் வேலை.

ஒரு நாள் வந்து உங்களைப் பார்க்கட்டுமா? நீங்கள் பாலைக்கமத்துக்குத் திரும்பிப் போய் இரண்டு வருஷமாகிறது. இவ்வளவு கிட்ட இருந்துகொண்டு நான் இன்னும் அந்த மண்ணை மிதிக்கவில்லை. நான் புத்தளத்தில் அகதிக் கொட்டிலில் பிறந்தவள்தான். அதற்காக அது என் ஊர் இல்லையா?

வஸ்ஸலாம்.
உங்கள் மகள் நஃப்லா


நல்லதம்பி வளவு, துணுக்காய்ப் பக்கம்
03.02.2024

மகள் நஃப்லாவுக்கு வாப்பா எழுதுவது,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் உன்னைச் சுகமாக வைத்திருக்க வேண்டும். இருமலைக் கேட்டாய். அது உன் உம்மாவின் கோபம் மாதிரி, என்னை விட்டுப் போகாது.

உன் கடிதத்தை நல்லதம்பிக்கும் வாசித்துக் காட்டினேன். "மஜீத், நிக்கிற மரத்துக்குக் காசு தாறாங்களோ? அப்ப வா, நாங்களும் ரெண்டு பேரும் போய்க் காட்டுக்குள்ள நிப்பம்" என்றான். நல்லதம்பியை உனக்குத் தெரியாது. பக்கத்து ஊர்க் கமக்காரன், என் வயது. தொண்ணூறில் இயக்கம் எங்கள் சனத்தையெல்லாம் வடக்கிலிருந்து வெளியேற்றிய அன்று சந்தி வரைக்கும் கூட நடந்துவந்து அழுதவன். இப்போதும் நான் குடிப்பது அவன் கிணற்றுத் தண்ணீர். கடிதங்களை அவன் பெயருக்கே போடு.

ஊரைப் பற்றிக் கேட்கிறாய். நாங்கள் போகும்போது நாற்பது வீடு, ஒரு பள்ளிவாசல், ஒரு பொதுக் கிணறு, எங்கள் ஆட்களை அடக்கிய மையவாடி. இப்போது எல்லாம் காடு. நான் பிறந்த வீட்டு வளவை நானே தேடித் திரிந்தேன். பள்ளிவாசல் அத்திவாரத்தில் கால் இடறி விழுந்ததால்தான் வளவு பிடிபட்டது. அதில் ஒரு கொட்டில் போட்டிருக்கிறேன். மையவாடியையும் பொதுக் கிணற்றையும் இன்னும் காணவில்லை. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் பற்றை வெட்டி மேற்கே போகிறேன்.

எதற்கு மறைக்கிறது. இந்த வருஷத்துக்குள் ஒரு விசாரணை இருக்கிறது. அங்கே மனிதர் வாழ்ந்தார்கள் என்று காட்ட வேண்டும். காணி அனுமதிப் பத்திரம் கொண்டு வா என்கிறார்கள். அது அலுமாரியில் இருந்தது, அலுமாரி வீட்டில் இருந்தது, வீடு எங்கே? காட்டாவிட்டால் அதைக் காடென்று எழுதிவிடுவார்கள், நான் காட்டுக்குள் புகுந்த கள்ளன் ஆகிவிடுவேன். புத்தளத்தில் என்னை இன்றைக்கும் அகதி என்றுதான் சொல்கிறார்கள். பாலைக்கமமும் இல்லையென்றால் எனக்கு ஊர் என்று ஒன்று இல்லை மகள். எனக்குப் பயமாக இருக்கிறது.

நீ வர வேண்டாம். யானை இறங்குகிறது, பாதையும் சரியில்லை. உம்மாவையும் வரச் சொல்லிக் கரைச்சல் படுத்தாதே. அவா இந்த ஊருக்கு வரமாட்டா. ஏன் என்று கேட்கவும் வேண்டாம்.

படிப்பைப் பார். வஸ்ஸலாம்.
அப்துல் மஜீத்


வவுனியா
26.02.2024

அன்புள்ள வாப்பா,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே எல்லாரும் சுகம். இருமலுக்குக் கொத்தமல்லி அவித்துக் குடியுங்கள், சிகரெட்டை விடுங்கள். விடமாட்டீர்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எங்கள் கந்தோர் வரைபடத்தில் பாலைக்கமத்தைத் தேடினேன். அந்தப் பெயரே இல்லை. துணுக்காய்ப் பக்கம் முழுக்கப் பச்சைதான், பச்சைக்கு மேலே துண்டு ஒன்று, துண்டு இரண்டு என்று இலக்கம் போட்டிருக்கிறார்கள். எனக்கு ஆத்திரம் வந்தது. விசாரணைக்கு நான் என்ன செய்யலாம் என்று விரிவுரையாளரிடம் கேட்டுப் பார்க்கிறேன், பயப்படாதீர்கள்.

என் வேலையைச் சொல்கிறேன், கேளுங்கள். எனக்குத் தந்தது ஏழாம் துண்டு, எந்த ஊர்ப் பக்கம் என்றுகூட அதில் இல்லை. வானத்திலிருந்து எடுத்த செய்மதிப் படங்களை வருஷ வாரியாக அடுக்கிப் பார்க்க வேண்டும். பத்து வருஷமாக ஒரு வீட்டுக் கூரைகூட இல்லாத சுத்தமான காடு. "குடியிருப்போர்" என்ற இடத்தில் இல்லை என்று எழுதினேன். போன வருஷத்திலிருந்து மட்டும் ஓரத்தில் ஒரு வெளிறிய திட்டு, மாதத்துக்கு மாதம் பெரிதாகிறது. பாலை, முதிரை மரங்களை வெட்டி விற்கிற கள்ளர்களாக இருக்க வேண்டும். சிவப்பு வட்டம் போட்டுக் கொடுத்தேன். என் மேலாளர் நிரஞ்சன் அண்ணா, "உமக்குக் கழுகுக் கண் பிள்ளை" என்றார்.

இன்னொரு அதிசயம். கள ஆய்வுக்குப் போனவர்கள் கிழக்குப் பக்கத்தால் உள்ளே போய்ப் படம் எடுத்து வந்திருக்கிறார்கள். காட்டுக்கு நடுவே ஒரு பூவரசந் தோப்பு வாப்பா! அதிலும் மரங்கள் எல்லாம் சோடி சோடியாக நிற்கின்றன. ஒன்றுக்கும் மற்றதுக்கும் ஓர் ஆள் படுக்கிற இடைவெளி. எல்லாச் சோடியும் ஒரே திசையைப் பார்த்து. ஒரே ஒரு சோடி மட்டும் குட்டி இடைவெளியோடு, குழந்தைகள் கை கோத்து நிற்பது போல. குருவி போட்ட விதை இப்படி வரிசையாக முளைக்குமா? யாருக்கும் விளங்கவில்லை. நான் அதற்கு "இணைமரத் தோப்பு" என்று பெயர் வைத்தேன். கொழும்பில் எல்லாருக்கும் பிடித்துவிட்டது. திட்டத்துக்கே அந்தப் பெயரை வைக்கப்போகிறார்களாம்!

உங்களுக்குக் காடு தெரியும். ஏன் அப்படி வளர்கிறது என்று எழுதுங்கள்.

வஸ்ஸலாம்.
நஃப்லா


வவுனியா
22.03.2024

அன்புள்ள வாப்பா,

அஸ்ஸலாமு அலைக்கும். நோன்பு எப்படிப் போகிறது? விடியப்புறச் சஹருக்கு என்ன சாப்பிடுகிறீர்கள், யார் சமைத்துத் தருகிறார்கள்? என்னை இங்கே என் அறைத்தோழி சுகந்தினிதான் எழுப்பி விடுகிறாள். சைவ சமயப் பிள்ளை, தானும் எழும்பி எனக்குத் துணையாகத் தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் படுக்கிறாள்.

என் கடிதம் கிடைக்கவில்லையா? கிடைத்தும் எழுதவில்லையா? நல்லதம்பி மாமாவுக்குக் கோல் எடுத்தேன். "இருக்கிறார் பிள்ளை, இருக்கிறார்" என்கிறார். இருக்கிறார் என்று எனக்கும் தெரியும். எப்படி இருக்கிறார் என்று கேட்டால் லைன் கட்.

என் அறிக்கையை ஏற்றுக்கொண்டார்கள். சிவப்பு வட்டம் போட்ட இடத்தைத் துப்புரவாக்கப் போன கிழமை ஆட்கள் போனார்கள். படித்தது ஒன்று ஊருக்குப் பயன்படுவதை முதன்முதலாகக் கண்ணால் காண்கிறேன். நீங்கள் சந்தோஷப்படுவீர்கள் என்று நினைத்தேன். ஒரு வரியாவது எழுதுங்கள் வாப்பா.

நஃப்லா


துணுக்காய்ப் பக்கம்
06.04.2024

மகள்,

அஸ்ஸலாமு அலைக்கும். வாப்பா சுகம். நோன்பு எல்லாம் பிடிக்கிறேன். கொட்டில் பிய்ந்துபோய்விட்டது. நல்லதம்பியின் வண்டிக் கொட்டகையில் இருக்கிறேன். பெருநாளைக்குப் புத்தளம் வர வசதிப்படாது. வேலை என்று உம்மாவிடம் சொல்.

ஒன்று கேட்க வேண்டும். குட்டி இடைவெளியோடு நிற்கிற சோடி ஒன்று என்று எழுதினாயே. அது கிணற்றுக் கட்டுக்குப் பக்கத்திலா நிற்கிறது? இரண்டு மரமும் உயிரோடு இருக்கிறதா? படத்தை வடிவாகப் பார்த்து எழுது. வேறு ஒன்றும் வேண்டாம்.

வஸ்ஸலாம்.
வாப்பா


வவுனியா
16.04.2024

வாப்பா,

அஸ்ஸலாமு அலைக்கும். பெருநாள் பெருநாளாக இல்லை. உம்மா வட்டிலப்பம் செய்துவிட்டு, நானாவின் பங்கையும் உங்கள் பங்கையும் மூடி வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தா.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டு மரமும் நிற்கின்றன. ஒன்று நேர், மற்றது கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. பின்னால் செடிக்குள்ளே வட்டமாகக் கல் தெரிகிறது. கிணற்றுக் கட்டாகத்தான் இருக்க வேண்டும். நான் எழுதாத கிணறு உங்களுக்கு எப்படித் தெரியும்?

உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். கொட்டில் எப்படிப் பிய்ந்தது? பங்குனியில் காற்றும் இல்லை, மழையும் இல்லை. நல்லதம்பி மாமாவை விடாமல் பிடித்துக் கேட்டேன். "மெசின் வந்தது பிள்ளை" என்றார். பிறகு போனை வைத்துவிட்டார்.

அந்தச் சிவப்பு வட்டம் உங்கள் வளவா? உங்கள் கொட்டிலை உடைத்தது நான்தானா? மறைக்காமல் எழுதுங்கள். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நஃப்லா


துணுக்காய்ப் பக்கம்
29.04.2024

மகள் நஃப்லாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். முதலில் சாப்பிடு. பட்டினி கிடந்து ஒன்றும் நடக்காது. நான் கிடந்து பார்த்தவன்.

ஓம், என் வளவுதான். மெசினோடு வந்தவனின் கையில் ஒரு படம் இருந்தது. என் கொட்டிலைச் சுற்றிச் சிவப்பு வட்டம், கீழே இங்கிலிசில் உன் பெயர். உன் பெயரை எந்தப் பாஷையில் போட்டாலும் எனக்கு வாசிக்கத் தெரியும். "இது ஆர் தம்பி?" என்று ஒன்றும் தெரியாதவன் போலக் கேட்டேன். "கம்பஸ் பிள்ளை ஒண்டு ஐயா, கெட்டிக்காரி" என்றான். என்னத்தைச் சொல்ல. காட்டை அழித்தேன் என்று என்மேல் வழக்கும் போட்டிருக்கிறார்கள். அது முடியும்வரை எல்லைக்கல்லைத் தாண்டி உள்ளே கால் வைக்கக்கூடாது.

உன்னில் கோபம் இல்லை என்று எழுதினால் பொய். இருந்தது. உன்னைப் படிக்க வைத்த என்னிலும் இருந்தது. அந்த நேரத்தில் பேனையை எடுத்திருந்தால் நான் எழுதியிருக்கக்கூடியதை நினைக்கவே பயமாக இருக்கிறது. அதுதான் எழுதவில்லை.

இனி உன் சோடி மரங்கள். அது தோப்பு இல்லை மகள், எங்கள் மையவாடி. செத்தவரின் மையத்தை அடக்கினால் தலைமாட்டில் ஒன்றும் கால்மாட்டில் ஒன்றுமாக மீசான் கட்டை நடுவோம். மற்ற ஊர்களில் காய்ந்த கட்டை அல்லது கல். எங்கள் மண்ணில் கறையான் அதிகம். காய்ந்தது உக்கிப்போனால் கபுறு மறந்துபோகும் என்று எங்கள் ஆட்கள் வேலிக்குப் போடுகிற பச்சைப் பூவரசங் கதியாலையே நடுவார்கள். அது வேர் பிடித்து வளர்ந்துவிடும். உனக்குத் தெரியாதது உன் பிழை இல்லை. எங்கள் பெண்கள் மையவாடிக்குள் போவதில்லை. நீ ஒரு கபுறைக்கூடக் கண்ணால் கண்டிருக்கமாட்டாய்.

அந்தக் குட்டிச் சோடி உன் ராத்தா. உனக்கு ஒரு மூத்தவள் இருந்தாள், பெயர் றிஸ்மியா. எண்பத்தொன்பதில் காய்ச்சல் வந்தது, சண்டையால் பாதை அடைத்திருந்தது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியவில்லை. கதிரைக் காலைப் பிடித்துக்கொண்டு நடக்கப் பழகியிருந்தாள். கதியால் இரண்டையும் நான்தான் வெட்டினேன், நான்தான் நட்டேன். மற்றவர்களுக்கு இடையில் ஆறடி விடுவோம். அவளுக்கு எவ்வளவு விடுவது என்று ஒருவரும் சொல்லவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

உம்மா வீட்டுப் படலையோடு நின்றுவிட்டா. இன்றுவரை அவா அந்த இடத்தைக் காணவில்லை, என்னிடம் கேட்டதும் இல்லை.

நான் ஏன் இங்கே வந்தேன் என்று இப்போது விளங்கும். அவளைத் தேடி மேற்கே வெட்டிக்கொண்டு போனேன். அவள் கிழக்கே இருந்திருக்கிறாள். மெசின் வந்துபோன பிறகு கிடைத்த உன் கடிதம்தான் காட்டித் தந்தது. காட்டித் தந்த நேரம் எனக்கு உள்ளே போக அனுமதி இல்லை. கல்லுக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கிறேன், பற்றைதான் தெரிகிறது.

வாப்பா


வவுனியா
05.05.2024

வாப்பா,

அஸ்ஸலாமு அலைக்கும். மன்னிப்புக் கேட்க எனக்கு வாயில்லை. அழுது முடித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தோடு நேரே நிரஞ்சன் அண்ணாவிடம் போனேன். அறிக்கையைத் திருப்பி எடுங்கள் என்றேன். "எப்பிடியம்மா எடுக்கிறது? குடியிருப்போர் இல்லை எண்டு எழுதினது நீர்தானே, கீழ உம்மட கையெழுத்துத்தானே?" என்றார். கெட்டவர் இல்லை. உங்கள் கடிதத்தை வாங்கி இரண்டு தரம் வாசித்தார்.

நான் விடவில்லை. மனிதரை வெளியேற்றிய காணியில் முதலிடக்கூடாது, காணியோடு தொடர்புள்ள சனத்தைக் கேட்காமல் எதுவும் செய்யக்கூடாது என்று நிதியமே விதி வைத்திருக்கிறது. அதை மனப்பாடம் பண்ணித்தான் நேர்முகத்தில் ஒப்புவித்தேன். அதையே அவர்களுக்குத் திருப்பி எழுதினேன். செத்தவர்கள் இங்கே அடங்கியிருக்கிறார்கள் என்றால், அவர்களை அடக்கிய சனம் வானத்திலிருந்து வந்ததா என்று கேட்டேன். விசாரணைக்கு அடையாளம் கேட்டார்களே, இதைவிட என்ன அடையாளம்?

கொழும்பிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். உங்களையும் கூட்டிக்கொண்டு உள்ளே போக அனுமதி எடுத்திருக்கிறார்கள். நானும் வருகிறேன். இந்த முறை யானை, பாதை என்று ஒன்றும் சொல்லவேண்டாம்.

உம்மாவுக்குப் போனில் ராத்தாவின் மரத்தைப் பற்றிச் சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக்கூடாதோ தெரியவில்லை. கேட்டுவிட்டுப் போனைக் கீழே வைத்தா, குசினிக்குள் பாத்திரம் உருளுகிற சத்தம்தான் பிறகு கேட்டது.

நஃப்லா


புத்தளம்
20.05.2024

அன்பு மகள் நஃப்லாவுக்கு உம்மா சரீபா எழுதுவது,

அஸ்ஸலாமு அலைக்கும். நேரத்துக்குச் சாப்பிடு, தலைக்கு எண்ணெய் வை. இங்கே வெயில் கொளுத்துகிறது, மற்றப்படி ஒரு குறையும் இல்லை.

நீ அன்றைக்குப் போனில் சொன்னதற்கு நான் பதில் சொல்லவில்லை என்று கோபிக்காதே. அந்தப் பெயரை வேறு ஒரு வாயால் கேட்டு எவ்வளவோ காலம். உன் வாப்பாவும் சொல்லமாட்டார், நானும் சொல்லமாட்டேன். சொன்னால் இரண்டு பேரில் ஒருவர் விழுந்துவிடுவோம்.

அந்த மரத்தின் படம் உன்னிடம் இருக்கிறதாமே. எனக்கு அனுப்பு. ஒன்று நேர், ஒன்று சாய்வு என்றாய். இரண்டில் எது தலைமாடு? வாப்பாவுக்குத்தான் தெரியும். நான் கேட்டேன் என்று சொல்லாமல் கேட்டு எழுது.

அவளுக்கு வெயில் என்றால் ஆகாது. இப்போது நிழல் இருக்கும் என்று நினைக்கிறேன்.

உம்மா


வவுனியா
22.07.2024

அன்புள்ள வாப்பா,

அஸ்ஸலாமு அலைக்கும். கொழும்பு ஆட்களோடு உள்ளே போன அன்றைக்கு அந்த வெயிலில் இருமி இருமி நடந்தீர்கள். டொக்டரிடம் காட்டினீர்களா?

நான் மையவாடிக்குள் கால் வைத்தபோது நீங்கள் தடுப்பீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். றிஸ்மியா ராத்தாவின் மரத்தை நீங்கள் தொட்டபோது, கொழும்பிலிருந்து வந்த அந்த அம்மா குடையை மடக்கி வைத்துவிட்டு அழுதா. எனக்கு நம்பிக்கை வந்தது. இவ்வளவு அழுகிறவர்கள் எங்களைக் கைவிடமாட்டார்கள் என்று நினைத்தேன். எவ்வளவு மடைச்சி நான்!

முடிவு வந்துவிட்டது. மையவாடியை அங்கீகரிக்கிறார்கள். சுற்றிவரக் கம்பிவேலி, பெயர்ப்பலகை, மரத்தில் ஒரு கிளைகூட வெட்டப்படாது. பழைய ஊரவர் எப்போதும் வந்து தரிசிக்கலாம். பாலைக்கமத்தில் பிறந்தவர்கள் மௌத்தானால் அங்கே அடக்கலாம், அந்த உரிமை எந்தக் காலத்திலும் போகாது. நிதியமும் அரசாங்கமும் சேர்ந்து எழுதித் தருகின்றன.

வளவுகள் இல்லை. பள்ளிவாசல் காணி இல்லை. கபுறு இருப்பது செத்தவர்களுக்குத்தான் சாட்சியாம், உயிரோடு இருப்பவர்களின் காணிக்குப் பத்திரம் வேண்டுமாம். விசாரணையிலும் அதையே எழுதிவிட்டார்கள். இனி அங்கே குடியிருக்க உரிமை கோரமாட்டேன் என்று நீங்கள் கையெழுத்து வைத்தால்தான் மையவாடியும் தருவார்கள், வழக்கையும் எடுப்பார்கள். ஆவணி முடியுமுன் வைக்க வேண்டுமாம். வைக்காவிட்டால் முழுத் துண்டும் காடு, ஒருவரும் உள்ளே போகமுடியாது.

நிரஞ்சன் அண்ணா சந்தோஷமாக வந்து, "நீர் வெண்டிட்டீர் பிள்ளை, இப்பிடி ஒரு நிதியமும் செய்ததில்லை" என்றார். நான் கத்தினேன் வாப்பா. கந்தோர் முழுக்கக் கேட்கக் கத்தினேன். "உயிரோட இருக்கிற மனுசன் எங்க போய் இருக்கிறது? அதுக்கும் ஒரு பத்தி எழுதுங்கோ!" என்றேன். பயிற்சியை விட்டுவிட்டு வந்துவிட்டேன். பட்டம் ஒரு வருஷம் பிந்தும், பிந்தட்டும்.

கையெழுத்து வைக்காதீர்கள். மேலே போவோம். வழக்காடுவோம். எனக்கு எப்படி என்று தெரியாது, ஆனால் வைக்காதீர்கள்.

நஃப்லா


துணுக்காய்ப் பக்கம்
30.08.2024

மகள் நஃப்லாவுக்கு வாப்பா எழுதுவது,

அஸ்ஸலாமு அலைக்கும். நீ சுகமாக இருக்க வேண்டும், திரும்பப் படிக்கத் தொடங்க வேண்டும். நான் இருக்கிறேன்.

கையெழுத்து வைத்துவிட்டேன். நீ அழுவாய் என்று தெரியும். ஆனால் முழுவதையும் வாசி.

உம்மா வந்தா. ஒருவருக்கும் சொல்லாமல் புத்தளத்தில் பஸ் ஏறி, பாதி வழியில் ஓமந்தையில் இறங்கி நின்றுகொண்டு நல்லதம்பிக்குக் கோல் எடுத்திருக்கிறா. அவன் போய்க் கூட்டி வந்தான். வந்து ஒரு சண்டையும் பிடிக்கவில்லை. வண்டிக் கொட்டகையைப் பார்த்தா, என் பாயைப் பார்த்தா. "வளவு கிடக்கட்டும். என்னைப் பிள்ளையிட்டக் கூட்டிக்கொண்டு போங்கோ" என்றா. வழக்காடினால் எத்தனை வருஷம் போகும் என்று நல்லதம்பியைக் கேட்டேன். அவன் என்னைப் பார்த்தான், உம்மாவைப் பார்த்தான், எழும்பித் தேத்தண்ணீர் வைக்கப் போனான். அடுத்த நாள் போய் வைத்தேன். வைக்கும்போது ஊரையே விற்றவன் போல இருந்தது. இப்போதும் அப்படித்தான் இருக்கிறது.

கம்பிவேலி அடித்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கொழும்பு அம்மா உம்மாவையும் உள்ளே வரச் சொன்னா. "வேண்டாம், நான் இதில நிக்கிறன், நீங்க போய்ப் பாத்திட்டு வந்து சொல்லுங்கோ" என்று உம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டா. நான் போனேன். திரும்பி வந்து, நேராக நிற்பது தலைமாடு, அங்கே நல்ல நிழல் என்று சொன்னேன். அப்போதுதான் அவா அழுதா. இத்தனை வருஷ அழுகை. நானும் வேலிக்கு உள்ளே நின்றபடி அழுதேன். நல்லதம்பி தூரத்தில் போய் நின்றான்.

மெசின் வந்த இடத்தில் கன்று நடுகிறார்கள். என் குசினி இருந்த இடத்தில் ஒரு வேப்பங்கன்று. தண்ணீர் ஊற்ற ஆள் தேவையாம், சம்பளம் தருவார்களாம், என்னைக் கேட்டார்கள். மாட்டேன் என்றேன்.

ஒப்பந்தத்தை நல்லதம்பிக்கு வாசித்துக் காட்டினேன். அதில் ஓர் அட்டவணை. என் பெயருக்கு நேரே ஊர் என்ற இடத்தில் பாலைக்கமம் என்று அடித்திருக்கிறார்கள். நாங்கள் போன நாளிலிருந்து ஒரு கடதாசியிலாவது அந்தப் பெயரைக் கண்டேனா? இல்லை. பக்கத்தில், உரிமை என்ற இடத்தில், அடக்கம் செய்யப்படும் உரிமை என்று இருக்கிறது. கொண்டுவந்து தந்த பொடியனிடம், "அப்ப தம்பி, நான் என்ட ஊருக்குப் போறதெண்டால் மௌத்தாகித்தான் போகவேணுமோ?" என்று கேட்டேன்.

ஆக, ஊருக்குத் திரும்ப எனக்கு அனுமதி கிடைத்துவிட்டது மகள். நாள்தான் குறிக்கவில்லை.

வருகிற கிழமை உம்மாவோடு புத்தளத்துக்கு வருகிறேன். இனி அங்கேதான். நீ இதை நுஸ்கியிடமும் சொல்லி வை, நான் சொன்னால் அவன் போனை வைத்துவிடுவான். எனக்கு ஒன்று நடந்தால், தூரம், செலவு, வாகனம் இல்லை என்று சாட்டுச் சொல்லி என்னைப் புத்தளத்தில் அடக்கிவிடாதீர்கள்.

வஸ்ஸலாம்.
பாலைக்கமம் அப்துல் மஜீத்